மூன்றாவது கம்பிக்கு வந்த வேப்பமரம்

வேர் பக்கத்து வீட்டில், தலை எங்கள் வீட்டில். இப்படி ஒரு வேப்பமரத்தோடு பெஹாலாவில் இருபத்திரண்டு வருடம் குடித்தனம் செய்திருக்கிறேன். இலை உதிர்ந்தால் எங்கள் மொட்டைமாடியில் உதிரும். காக்கை கூடு கட்டினால் எங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கட்டும். பூக்கிற காலத்தில் மட்டும் கொஞ்சம் லாபம். சித்திரை முதல் நாள் பச்சடிக்கு மாடியில் நின்றபடியே கை நீட்டிப் பூப் பறித்துக்கொள்ளலாம். கல்கத்தாவில் இந்தச் சௌகரியம் எத்தனை தமிழ் வீடுகளுக்கு உண்டு என்று நான் பெருமை பேசியதும் உண்டு.

அந்தப் பெருமை போன பிப்ரவரியோடு போயிற்று.

அதற்கு ஒரு மாதம் முன்பு என் வீட்டுக்காரர் கீழே விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். முட்டைகூடத் தொடாத மனிதர், சந்தையில் மீன்கடை வரிசையில் போய் வழுக்கி விழுந்தார். அந்த வழியாகப் போனால் கீரைக்காரியிடம் நாலு எட்டு முன்னதாகப் போய்ச் சேரலாமாம். தகடு வைத்துத் தைத்து அனுப்பிய டாக்டர், மாடிப்படியை மூன்று மாதத்துக்கு நினைத்தே பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நாங்கள் இருப்பது மாடியில். கீழே முன்பக்கம் தையல் கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். மிச்சம் இருப்பது பின்பக்கம் பிற்பாடு இழுத்துக் கட்டிய ஒரே ஒரு அறை. கூரை ஆஸ்பெஸ்டாஸ். உட்கார்ந்து எழுகிற மாதிரிக் கழிப்பறை அதை ஒட்டித்தான் இருக்கிறது. ஆகவே கட்டில் அங்கே போயிற்று, அவரும் அங்கே போனார். அந்தக் கூரைக்கு நேர் மேலேதான் வேப்பமரம்.

பிப்ரவரியில் பின் சந்தில் சாக்கடைக் குழாய் பதிக்கத் தோண்டினார்கள். பக்கத்து வீட்டு மதிலை ஒட்டித் தோண்டியபோது மரத்தின் ஒரு பக்கத்து வேர் முழுக்க வெட்டுப்பட்டது. மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விட்டார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் காலை இட்லித் தட்டோடு பின்னறைக்குப் போனபோது என் வீட்டுக்காரர் ஜன்னலையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"ஏ, இங்க வா. மரம் மூணாவது கம்பிக்கு வந்துட்டுது."

"தலகாணிய மாத்தி வச்சிருப்பீங்க."

"தலகாணி அதே எடந்தான். நான் இங்கன வந்து படுத்த அன்னைக்கு ரெண்டாவது கம்பியில நின்னுது. தெனம் பாத்துக்கிட்டே கெடக்கேன், எனக்கு வேற என்ன வேல?"

நாங்கள் இருவருமே வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். அவர் கவுன்டரில் சிரித்துப் பேசுகிற பக்கம், நான் தணிக்கைப் பக்கம். யார் சொன்னாலும் சரிபார்க்காமல் நம்புகிற பழக்கம் எனக்குக் கிடையாது. குனிந்து அவர் தலைக்குப் பக்கத்தில் என் தலையை வைத்துப் பார்த்தேன். அடிமரம் மூன்றாவது ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றது. மரம் எங்கள் பக்கம் சாய்ந்துவிட்டிருந்தது.

சித்திரை நெருங்கிக்கொண்டிருந்தது. சித்திரை வந்தால் இங்கே கால்பைசாகி வரும். மத்தியானம் வரை வெயில் பொசுக்கும், நாலு மணிக்கு வடமேற்கே வானம் கறுக்கும், பிறகு அரை மணி நேரம் பேய்க்காற்று. கொடியில் கிடக்கிற துணியை எடுக்க ஓடுகிறவர்களுக்கே அந்தக் காற்று அவகாசம் கொடுக்காது. இவரோ கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, நடைச்சட்டத்தைப் பிடித்து நிற்கவே பத்து நிமிடம் ஆகிற மனிதர். மரம் விழுந்தால் இவர்மேல்தான் விழும். எனக்கு அதற்குப் பிறகு வேறு யோசனையே ஓடவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அவரை தாதா, அதாவது அண்ணன் என்பேன். அவர் என்னை பௌதி, அதாவது அண்ணி என்பார். இந்த ஊரில் இந்த முறைகளை எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்க்கக் கூடாது. அவர் மனைவியை திதி, அதாவது அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். திதி இரண்டு வருடம் முன்பு போய்விட்டாள். பிறகு அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். அவர் பேசுவதெல்லாம் வங்காளத்தில். இத்தனை வருடப் பழக்கத்தில் எனக்கு அது தமிழாகவே ஞாபகம் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

அன்றைக்கே மதில் ஓரம் நின்று கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"தாதா, மரம் சாயுது. கீழ அவர் படுத்திருக்கார். வெட்டிடலாம். ஆளு, செலவு எல்லாம் நான் பாத்துக்கறேன். உங்க மரம்ங்கறதால அனுமதிப் பாரத்துல உங்க கையெழுத்து மட்டும் போதும்."

அவர் மரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு, "பார்ப்போம் பௌதி" என்றார்.

ஒரு வாரம் கழித்துக் கேட்டேன். பார்ப்போம் பௌதி. அடுத்த வாரம் கேட்டேன். பார்ப்போம் பௌதி, மிஷ்டி சாப்பிடுங்க என்று ஒரு கிண்ணத்தில் சந்தேஷ் இனிப்பு வந்தது. மனிதர் பிடி கொடுக்கவே இல்லை. எனக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. இங்கே காரணமும் இருந்தது.

முப்பது வருடம் கிளைகளுக்குத் தணிக்கைக் குறிப்பு எழுதி எழுதி ஊறிய கை. மூன்று கடிதம் எழுதினேன், ஒன்றைவிட ஒன்று சூடாக, நல்ல ஆங்கிலத்தில். மூன்றையும் ஒப்புதல் அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டுக்குப் பதிவுத் தபால்! என் மதிலைத் தாண்டிப் போக வேண்டிய கடிதம் ஊரெல்லாம் சுற்றி நான்கு நாள் கழித்து அவர் வாசலுக்குப் போயிற்று. தபால்காரர் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு போனார். தாதா கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை வாங்கி, தபால்காரருக்கு டீயும் கொடுத்து அனுப்பினார் என்று பிற்பாடு தெரிந்தது. கடிதத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர் பாரத்துக்குப் போட்டால் என்ன என்று நான் பொருமினேன்.

"ஏன் இப்படிக் குதிக்க? போயி ஒக்காந்து பேசேன்," என்றார் என் வீட்டுக்காரர், கட்டிலில் படுத்தபடி.

"உங்க தலைக்கு மேலதான் தொங்குது. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு, இருக்கு. இப்ப மூணாவது கம்பியத் தாண்டியாச்சு."

மார்ச் கடைசியில் அலிப்பூருக்குப் போனேன். மரம் வெட்ட அனுமதி கொடுக்கிற அலுவலகம் அங்கே இருக்கிறது. ஆபத்தான மரம் என்று எழுதிக் கொடுத்ததும், சொன்ன நாளில் ஒரு அதிகாரி நாடாவோடு வந்து இறங்கினார். எனக்கே ஆச்சரியம். எங்கள் பக்கம் இருந்து பார்த்துத் தலையை ஆட்டினார். அடிமரத்தை அளக்க வேண்டும் என்றார். தாதா வெளியே போயிருந்தார். பின் சந்தில் அவர் வீட்டுச் சின்னக் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். அதன் வழியாகப் போனோம்.

இத்தனை வருடத்தில் அந்த மரத்தின் முன்பக்கத்தை நான் சரியாகப் பார்த்ததாக ஞாபகமே இல்லை. எங்கள் வீட்டில் இருந்து தெரிவது அதன் முதுகுதான். முன்பக்கம் மார்பு உயரத்துக்குக் குங்குமம் அப்பிக் கிடந்தது. சுற்றிச் சுற்றிச் சிவப்புக் கயிறு. ஒரு கிளையில் பித்தளை மணி. கீழே சிமென்ட் மேடை, அதன்மேல் வரிசையாகக் களிமண் குதிரைகள். பின் சந்து வழியாகப் பெண்கள் வந்து ஏதோ கும்பிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இவர்களுக்கு எதைப் பார்த்தாலும் பூஜைதான் என்று நானும் என் வீட்டுக்காரரும் சிரித்திருக்கிறோம். இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை.

அதிகாரி ஷூவைக் கழற்றினார். இரண்டு கையையும் கூப்பினார். அளந்து முடித்துவிட்டு, "ஆபத்தான மரம்தான், எழுதிடறேன். ஆனா அம்மன் குடியிருக்கற மரம். மரத்துக்குச் சொந்தக்காரர் கையெழுத்தோட, இந்தச் சந்துல இருக்கறவங்களும் ஆட்சேபம் இல்லன்னு எழுதித் தரணும்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஆளையாவது தயாராக வைப்போம் என்று, ஹவுராவில் இருந்து ஒரு மரம் வெட்டுகிறவரை வரவழைத்தேன். தோளில் கயிற்றுச் சுருளோடு படகில் ஆற்றைத் தாண்டி வந்தார். மரத்தைத் தட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். "உள்ள ஒண்ணும் இல்ல. கரையான் தின்னுடுச்சு. பெரிய காத்துக்கு நிக்காது," என்றார். பிறகு சுற்றி முன்பக்கம் போய்ப் பார்த்தவர் கயிற்றைக் கீழேயே வைக்கவில்லை.

"இதுல நான் கைவைக்க மாட்டேன் மா. இங்க யாரு முதல்ல கும்பிட ஆரம்பிச்சாங்களோ, அவங்க வந்து 'போதும்'னு சொல்லட்டும். மறுநாளே வெட்டித் தரேன்."

அவர் போனதும் நான் நேராக தாதா வீட்டு முன்வாசலுக்குப் போனேன். வாசல் வராந்தாவில் பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் கத்திய கத்தலுக்கு இன்றைக்கு வெட்கப்படுகிறேன். அன்றைக்கு வெட்கப்படவில்லை.

"ஒரு மரத்தைப் பிடிச்சு வச்சுக் குங்குமத்தை அப்பி அப்பி சாமி ஆக்கிட்டீங்க. இப்ப அந்த சாமி என் புருஷன் தலையில விழப்போகுது. யாரு தாதா இதை ஆரம்பிச்சது? பேரைச் சொல்லுங்க, நான் போய்க் கால்ல விழுந்தாவது கேக்கறேன்."

அவர் பொரிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தார்.

"நீங்கதான் பௌதி."

எழுந்து உள்ளே போனவர் ஒரு பித்தளைச் செம்போடு வந்தார். என் கையில் கொடுத்தார். புளி போட்டுத் தேய்த்ததுபோலப் பளபளவென்று இருந்தது. விளிம்பைத் திருப்பினேன். அதில் என் பெயரின் முதல் எழுத்தும், என் அப்பா ஊரின் பெயரும் தமிழில் வெட்டியிருந்தது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பாத்திரக் கடையில் என் கல்யாணத்துக்கு வாங்கிப் பெயர் வெட்டிய செம்பு. அது காணாமல் போனதற்கு அப்போது வேலைக்கு இருந்த பெண்ணைச் சந்தேகப்பட்டு நான் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறேன்.

செம்பைப் பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வந்தது. பதினெட்டு வருடம் முன்பு, ஒரு மார்ச் மாதம். என் மகளுக்கு ஏழு வயது. அம்மை போட்டிருந்தது. கொப்பளம் கண் இமை வரைக்கும் வந்துவிட்டது. வேப்பிலை எல்லாம் இந்த மரத்தில் இருந்துதான். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று காலை, நானும் குளித்து, ஈரப் புடவையோடு பின் சந்து வழியாகப் போய், மரத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் துணி ஒன்றைக் கட்டி, இந்தச் செம்பில் தண்ணீர் ஊற்றினேன். திதி சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி வந்து என்ன என்று கேட்டாள். அப்போது என் வங்காளம் அரைகுறை. "எங்க அம்மா. நாப்பத்தெட்டு நாள் தண்ணி ஊத்தறேன்னு வேண்டிக்கிட்டேன். புள்ளைக்குத் தழும்பு விழக் கூடாது," என்று கையும் விரலுமாகச் சொன்னேன். ஒரு மண்டலம் என்பதை விரலில் காட்டுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மறுநாள் வங்கியில் ஆண்டுக் கணக்கு முடிக்கிற அமளி. காலை ஆறு மணிக்குப் போனால் இரவு பத்துக்குத் திரும்புவேன். மகளுக்கு உடம்பு தேறிவிட்டது. நாற்பத்தெட்டு நாளில் நான் ஊற்றியது ஒரே ஒரு நாள். அதை மறந்தேன் என்பதுகூட எனக்கு மறந்துபோயிற்று.

"நீங்க செம்பை மரத்தடியிலயே வச்சிட்டுப் போயிட்டீங்க. மூணு நாள் அவ பாத்தா," என்றார் தாதா. "நீங்க வரல. பாவம், ஆபீஸ் போற பொம்பள, பாதியில விட்டா குழந்தைக்கு ஆகாதுன்னு, உங்களுக்குப் பதிலா அவ ஊத்த ஆரம்பிச்சா. நாப்பத்தெட்டு நாள் முடிஞ்சதும் நிறுத்தலாம்னு நான் சொன்னேன். நிறுத்தின அன்னைக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா என்ன பண்றதுன்னு கேட்டா. அவ ஊத்தறதைப் பாத்துச் சந்துல இருக்கறவங்களும் வந்தாங்க. கடைசி வரைக்கும் ஊத்தினா. இப்ப நான் ஊத்தறேன்."

எனக்கு அடுத்ததாக ஞாபகம் வந்ததை நினைத்தால் இப்போதும் முகம் சுருங்குகிறது. சில வருடம் முன்பு எங்கள் பின்னறைச் சுவரில் ஓதம் ஏறி, சுண்ணாம்பு உதிர ஆரம்பித்தது. காலையில் மதிலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. நான் மாடியில் நின்று திதியைப் பார்த்து, "தினம் தினம் இங்க தண்ணியக் கொட்டி என் சுவரை ஏன் நாசம் பண்றீங்க? உங்க வீட்ல வேற எடமே இல்லையா?" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி சண்டை போட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கே சாயங்காலம் கொழுந்து வேப்பிலையும் கத்தரிக்காயும் பொரித்து ஒரு கிண்ணத்தில் கொடுத்து அனுப்பினாள். மறுநாளில் இருந்து கொட்டுகிற சத்தம் குறைந்து, மெல்ல வார்க்கிற சத்தம் கேட்டது. நான் சண்டையில் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

நான் அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அறுபத்திரண்டு வயதில் பக்கத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன்.

"ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே தாதா."

"உங்க சாமி, நீங்களே வெட்டுங்கறீங்க. மறந்துட்டீங்களா, இல்ல மனசைக் கல்லாக்கிக்கிட்டுக் கேக்கறீங்களான்னு எனக்குத் தெரியல. மறந்திருந்தா அதை எப்படி நான் சொல்லிக் காட்டறது? 'நான் பதிலாத்தான் ஊத்தறேன், முடிச்சு வைக்க வேண்டியது அவங்கதான்'னு அவ சொல்லிட்டுப் போயிருக்கா. அதனால கையெழுத்தும் போட முடியல. சரி, நேர்ல வந்து மெதுவா சொல்லலாம்னு நினைச்சப்போ உங்க கடிதம் வந்துடுச்சு." அவர் கொஞ்சம் தயங்கினார். "மூணு கடிதத்துலயும் கடைசி வரி, இனிமே எதுவானாலும் எழுத்து மூலமா மட்டும்னு இருந்தது. என் ஆங்கிலத்துல இதையெல்லாம் எப்படி எழுதறது?"

அன்று மாலை மகளுக்குப் போன் போட்டேன். பெங்களூரில் இருக்கிறாள். தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசுவாள், அதுவும் திதி சொல்லிக் கொடுத்ததுதான். முழுக்கக் கேட்டுவிட்டு, "அம்மா, உனக்கு நெஜமாவே தெரியாதா?" என்றாள். "ஜெட்டிமா ஒவ்வொரு பரீட்சைக்கும் அந்தத் தண்ணிய என் தலையில தெளிச்சுத்தானே அனுப்புவாங்க. நீ சொல்லித்தான் செய்யறாங்கன்னு நான் நெனச்சேன்." திதியை அவள் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள், வங்காளத்தில். மகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம், தணிக்கை அதிகாரிக்குத்தான் தெரியவில்லை.

எப்படி முடித்து வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஊரில் என்றால் யாரையாவது கேட்கலாம். சந்துப் பெண்களுக்கு அந்தக் குழப்பமே இல்லை. "துர்கா மாவையே அஞ்சாம் நாள் வழியனுப்பி வைக்கறோம் பௌதி. அழுதுக்கிட்டே அனுப்புவோம், ஆனா அனுப்புவோம்," என்றாள் ஒருத்தி. இந்த ஊர்க்காரர்களுக்கு சாமியைக் கொண்டு வரவும் தெரியும், கொண்டுபோய் விடவும் தெரியும். எங்களுக்கு அந்த இரண்டாவது அவ்வளவாகப் பழக்கமில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, சந்துப் பெண்கள் எட்டுப் பேர் சிவப்புக் கரை போட்ட புடவையில் வந்தார்கள். அம்மனை வழியனுப்புகிற அன்று செய்வதுபோலவே, வெற்றிலையால் மரத்தின் முகத்தைத் துடைப்பதாக ஒருத்தி அடிமரத்தைத் துடைத்தாள். இன்னொருத்தி பட்டையில் சந்தேஷை ஊட்டுவதுபோல் ஒற்றினாள். நான் குளித்து ஈரப் புடவையோடு, அதே செம்பில் தண்ணீர் எடுத்துப் போனேன். மஞ்சளும் குங்குமமும் வைத்தேன். நாற்பத்தெட்டாவது நாள் தண்ணீரைப் பதினெட்டு வருடம் கழித்து ஊற்றினேன். "போதும் தாயி. எம்புள்ளைக்கு ஒரு தழும்புகூட இல்ல. இனி இவரையும் விட்டுரு," என்று தமிழில்தான் சொன்னேன். வேறு மொழியில் எனக்கு அது வரவில்லை.

பெண்கள் நாக்கைச் சுழற்றி உலு கொடுத்தார்கள். அது எங்கள் பக்கத்துக் குலவைதான். இத்தனை வருடம் இந்த ஊரில் கேட்டும் நான் ஒருமுறைகூடச் சேர்ந்துகொண்டதில்லை, ஆபீசர் பொம்பளை பாருங்கள். அன்றைக்கு என்னையறியாமல் நாக்கு சுழன்றது. என் சத்தம்தான் எல்லாவற்றையும் மீறிக் கேட்டதாம். பின்னறையில் இருந்து என் வீட்டுக்காரர், "ஏ, இது ஒங்க ஊருக் குலவையில்லா!" என்று கத்தினார்.

சந்தில் எல்லோரும் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். தாதா பாரத்தில் கையெழுத்துப் போட்டார். அனுமதி கைக்கு வந்த மறுநாள் ஹவுராக்காரர் கயிற்றோடு வந்தார். உச்சியில் இருந்து கிளை கிளையாகக் கட்டி இறக்கினார். ஒரு குச்சிகூட எங்கள் கூரையில் விழவில்லை. என் வீட்டுக்காரரைத் தையல் கடையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். வெட்டுகிற சத்தம் நிற்கும்போதெல்லாம், இப்ப எந்தக் கம்பி என்று அங்கிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். மரம் பூத்திருந்தது. இறக்கிய கிளைகளில் இருந்து பூவை உருவி, சந்தில் ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்தேன். மறுநாள் மத்தியானம் அடிமரத்தை அறுத்தபோது ஹவுராக்காரர் உள்ளே கையை விட்டார். தோள்பட்டை வரைக்கும் போயிற்று.

நாலாம் நாள் கால்பைசாகி வந்தது. நான் பின்னறையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பெஸ்டாஸில் மழை அடித்த அடியில் அவர் பேசுவதே கேட்கவில்லை. மெயின் ரோட்டில் இரண்டு மரம் விழுந்ததாக மறுநாள் சொன்னார்கள். எங்கள் கூரையில் மழைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் விழவில்லை. காற்று நின்றதும் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து, "பௌதி, நல்லா இருக்கீங்களா ரெண்டு பேரும்?" என்று குரல் வந்தது. இருக்கோம் தாதா என்றேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு என் வீட்டுக்காரருக்கு மாத்திரை கொடுக்கக் கீழே வந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் வார்க்கிற சத்தம் கேட்டது. மெல்ல, மூன்று தடவை. பதினெட்டு வருடமாகக் காதில் விழுந்துகொண்டிருந்த சத்தம். பின்கட்டில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி எட்டிப் பார்த்தேன். தாதா ஒரு நீல நிற பிளாஸ்டிக் மக்கோடு நின்றுகொண்டிருந்தார். கீழே வெட்டிய அடிக்கட்டை, அதன் நடுவில் பொந்து.

என்னைப் பார்த்ததும் திருடும்போது பிடிபட்டவர்போல் மக்கைப் பின்னால் மறைத்தார்.

"முடிச்சாச்சுன்னு தெரியும் பௌதி. எழுந்ததும் கை தானா வந்துடுது. அவ இருந்தவரைக்கும் அவ பின்னாலயே நின்னு பாத்துப் பழக்கம். உங்க சுவருல தண்ணி வராம பாத்துத்தான் ஊத்தறேன்."

நான் ஸ்டூலில் இருந்து இறங்கி உள்ளே போனேன். வழியனுப்பிய அன்றைக்கு எடுத்து வந்து சாமி அலமாரியில் வைத்திருந்த செம்பை எடுத்தேன். திரும்பவும் ஏறி நின்று, மதிலுக்கு மேலே நீட்டினேன்.

"இதுல ஊத்துங்க தாதா. நெறையவே ஊத்துங்க. சுவர் நனைஞ்சா நனையட்டும்."